வாவிக்கரையில் ஒரு நாள்



உம்ராவுக்குப் போய் வரும் வழியில் துபாயைப் பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். மலேசியாவின் கடைத்தெருக்களைச் சுற்றி வந்தவர்களும் இருப்பீர்கள். அந்தப் பயணங்களைப் பற்றி நமது சஞ்சிகைகளில் நிறையப் படித்தும் இருக்கிறோம். நல்லதுதான். பூமியில் பயணம் செய்து பார்க்கும்படி அல்குர்ஆன் நமக்குப் பல இடங்களில் சொல்கிறது. பார்த்துப் படிப்பினை பெற வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்தப் படிப்பினைக்காகக் கடல் கடந்துதான் போக வேண்டுமா? பக்கத்து ஊருக்குப் போனால் போதாதா?

சென்ற பாடசாலை விடுமுறையில் நாங்கள் அப்படி ஒரு நாள் போய் வந்தோம். சுற்றிப் பார்த்தோம், சாப்பிட்டோம், சாமான் வாங்கினோம். திரும்பி வரும்போது மனத்தில் வேறொன்றும் சேர்ந்து வந்தது. அதை உங்களோடு பகிர்ந்து கொள்ளவே இதை எழுதுகிறேன்.

"அந்தப் பக்கம் வேணாம் நானா"

என் சாச்சா வியாபாரத்துக்காகக் கண்டிப் பக்கம் அக்குறணைக்குப் போய் அங்கேயே குடியேறியவர். அவருடைய மகள் தன் கணவரோடும் இரண்டு ஆண் பிள்ளைகளோடும் ஏறாவூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு மூன்று நாள் விருந்தாக வந்திருந்தாள். வந்த அன்றே சொல்லிவிட்டாள்: "நானா, பிள்ளைகளுக்கு ஒரு நாள் எங்கேயாவது காட்டுங்க. ஆனா காத்தான்குடிப் பக்கம் மட்டும் வேணாம்."

"ஏன் தங்கச்சி?"

"பயமா இருக்கு."

அவளுடைய பயம் காரணம் இல்லாத பயமல்ல. 2018 மார்ச் மாதம் திகனையில் தொடங்கிய கலவரம் அக்குறணை வரை வந்தது. கடைகள் எரிந்த அந்த நாட்களில் கைக்குழந்தையை வைத்துக் கொண்டு விளக்கை அணைத்துவிட்டு இருந்தவள் அவள். அதற்கு அடுத்த ஆண்டு, 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு அன்று குண்டுகள் வெடித்தன. அதற்குத் தலைமை தாங்கியவன் காத்தான்குடியில் பிறந்தவன் என்ற செய்தி வந்தது. அதன்பின் பஸ்ஸில் ஏறினாலும் கடைக்குப் போனாலும் மக்கள் தன்னுடைய ஹபாயாவைப் பார்த்த பார்வையை அவள் இன்னும் மறக்கவில்லை.

"அடி வாங்கினதும் நாங்க. அடிச்சவன்ட பேரைச் சுமக்குறதும் நாங்க" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. என் மனைவிதான் சொன்னாள்: "அப்படின்னா கட்டாயம் போகத்தான் வேணும். பயந்த இடத்தைப் பார்க்காமல் இருந்தா பயம் வளரும்."

பிட்டும் தேங்காய்ப்பூவும்

ஸுப்ஹுத் தொழுகை முடிந்த கையோடு பிட்டும் மீன் ஆணமும் சாப்பிட்டு விட்டு வேனில் ஏறினோம். இந்தப் பிட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் வாழ்ந்த வாழ்வைச் சொல்ல எங்கள் பக்கத்தில் ஓர் உவமை உண்டு. 'பிட்டும் தேங்காய்ப்பூவும் போல' என்பார்கள். குழலுக்குள் ஒரு பிடி மா, ஒரு பிடி தேங்காய்ப்பூ, மறுபடியும் ஒரு பிடி மா. எங்கள் ஊர்களும் அப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு தமிழ்க் கிராமம், அடுத்து ஒரு முஸ்லிம் கிராமம், அதற்கடுத்துத் தமிழ்க் கிராமம். எல்லாம் ஒரே ஆவியில் வெந்தவை.

அந்த ஆவியே கொதிநீராய்ச் சுட்ட ஆண்டு 1990. அப்போது எனக்குப் பத்து வயது. அந்த ஆகஸ்ட் 11 ஆம் திகதி இரவு விடுதலைப் புலிகள் ஏறாவூருக்குள் புகுந்தார்கள். பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டார்கள். எங்கள் ஒழுங்கையிலும் ஜனாஸாக்கள் இருந்தன. அதை நாங்கள் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம்.

ஏறாவூரிலிருந்து மட்டக்களப்பு நகருக்குப் போகும் வழியில் சத்துருக்கொண்டான் வருகிறது. அங்கே ஒரு நினைவுத்தூபி இருக்கிறது. என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. "வாப்பா, இது யாருக்கு?" என்று கேட்டாள். எத்தனையோ வருடங்களாக அந்த வழியால் போய் வருகிறேன். அவள் கேட்ட பிறகுதான் நான் வாய் திறந்தேன். 1990 செப்டம்பர் 9 ஆம் திகதி, ஏறாவூர்ச் சம்பவம் நடந்து ஒரு மாதம் கூட ஆகவில்லை, சத்துருக்கொண்டானிலும் அதையடுத்த கிராமங்களிலும் இருந்த தமிழ் மக்கள் இராணுவ முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். நூற்றி எண்பதுக்கும் அதிகமான உயிர்கள். அவர்களிலும் பெண்கள், அவர்களிலும் குழந்தைகள். அதே ஆகஸ்டில் வீரமுனையில் கோவிலுக்குள் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டபோது, அதைச் செய்தவர்களில் நம் பெயர் தாங்கிய ஊர்காவல் படையினரும் இருந்தார்கள்.

"இதை ஏன் இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லல்ல?" என்றாள் மகள். சகோதரிகளே, நம் வீட்டு ஜனாஸாக்களை எண்ணத் தெரிந்த நமக்கு, பக்கத்து வீட்டுப் பிணங்களை எண்ணத் தெரியாமல் போய்விட்டது. அவளுக்கு அதைத்தான் சொன்னேன்.

கல்லடிப் பாலத்தில்

வெயில் ஏறுவதற்கு முன் கல்லடிப் பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மட்டக்களப்புக்கு வருகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். வாவி ஏறத்தாழ ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலோடு சமாந்தரமாக நீண்டு கிடக்கிறது. அதன் குறுக்கே 1924 ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இரும்புப் பாலம் ஒன்றைக் கட்டி, அன்றைய தேசாதிபதியின் மனைவி பெயரால் 'லேடி மெனிங் பாலம்' என்று அழைத்தார்கள். நாம் கல்லடிப் பாலம் என்றே சொல்லி வருகிறோம். நெடுங்காலம் ஒரு வாகனம் போனால் எதிரே வருகிற வாகனம் காத்திருக்க வேண்டும். ஜப்பான் நாட்டின் உதவியோடு பக்கத்தில் அகலமான புதிய பாலம் கட்டப்பட்டு 2013 இல் திறக்கப்பட்ட பிறகு அந்தச் சிரமம் தீர்ந்தது. பழைய பாலத்தில் நின்று காலை நேரத்தில் வாவியைப் பார்ப்பது கண்ணுக்குக் குளிர்ச்சி. சிறு தோணிகளில் வலை வீசுகிறார்கள். இறாலும் நண்டும் கொடுவாவும் அந்த நீர் தரும் றிஸ்க்.

"மீன் பாடுமாமே, கேக்கல்லையே?" என்று சிறுவர்கள் இருவரும் கம்பியைப் பிடித்துக் கொண்டு கேட்டார்கள். மீன் பாடும் தேன்நாடு என்று இந்த ஊருக்குப் பெயர் வரக் காரணமான ஓசை அது. பூரணை இரவுகளில், காற்று ஓய்ந்திருக்கும் நேரத்தில், தோணியில் இருந்து சவளை நீருக்குள் விட்டு அதன் மறுநுனியில் காது வைத்தால் தந்தி மீட்டுவது போலக் கேட்கும் என்பார்கள். 1950களில் ஓர் அமெரிக்கப் பாதிரியார் அந்த ஓசையை ஒலிப்பதிவு செய்து வானொலியில் ஒலிக்கச் செய்தார். பாடுவது மீன் என்கிறார்கள் சிலர், ஊரி என்கிறார்கள் சிலர். வானங்களிலும் பூமியிலும் உள்ள யாவும் அல்லாஹ்வைத் துதிக்கின்றன, அந்தத் துதியை நாம் விளங்கிக் கொள்வதில்லை என்று படித்திருக்கிறோம் அல்லவா? பிள்ளைகளுக்கு அந்த விளக்கம் போதுமாக இருந்தது. பகலில் கேட்காததுதான் அவர்களுக்கு ஏமாற்றம்.

பாலத்துக்கு அப்பால் கல்லடி உப்போடையில், விபுலாநந்த அடிகள் 1929 இல் தொடங்கிய சிவானந்த வித்தியாலயம் இருக்கிறது. யாழ் நூல் எழுதிய அந்த அறிஞர் 1947 இல் காலமாகி அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

கோட்டை சொன்ன கதை

திரும்பி வந்து புளியந்தீவில் கோட்டையைப் பார்த்தோம். வாவி சூழ்ந்த இடம். போர்த்துக்கேயர் 1628 இல் கட்டினார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1638 மே மாதம், ஒல்லாந்தர் கண்டி மன்னரோடு சேர்ந்து கைப்பற்றினார்கள். இலங்கையில் ஒல்லாந்தர் கைப்பற்றிய முதல் கோட்டை இதுதான். பிற்காலத்தில் நீண்ட காலம் கச்சேரி இதற்குள் இயங்கியது. பழைய பீரங்கிகளின் மேல் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து கொண்டார்கள்.

அங்கேதான் தங்கச்சிக்கு ஒரு விஷயம் சொன்னேன். கோட்டை கட்டுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1626 இல், போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிக்குட்பட்ட கரையோரப் பகுதிகளில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். போக்கிடம் இல்லாமல் நின்றவர்களைக் கண்டி மன்னன் செனரத் ஏற்றுக் கொண்டான். அவர்களில் ஏறத்தாழ நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். அதற்கு முன்பே இங்கு முஸ்லிம்கள் இருந்தார்கள். முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த சண்டையில் முக்குவர் பக்கம் நின்று, அவர்களிடம் பெண்ணும் நிலமும் பெற்றுக் குடியமர்ந்தார்கள் என்று எங்கள் ஊர் மரபு சொல்கிறது. திமிலர் ஏறி வராதபடி காவல் காத்த இடம் ஏறாவூர் ஆனது என்றும் சொல்வார்கள்.

"அப்ப ஒரு சிங்கள ராசா எங்களுக்கு இடம் தந்திருக்காரு. தமிழ் ஆக்கள் பொண்ணு தந்திருக்காங்க" என்று தங்கச்சி மெல்லச் சொன்னாள். அவள் வாழ்கிற கண்டிச் சீமையிலும் அதே மன்னர் பரம்பரையின் நிழலில்தான் நம் மக்கள் வாழ்ந்தார்கள். கலவரங்களையும் குண்டுகளையும் நினைவு வைத்திருக்கும் நாம் இதையும் நினைவு வைத்திருக்க வேண்டாமா?

ஓலைப்பெட்டி விற்ற மூதாட்டி

கோட்டையில் இருந்து காந்தி பூங்கா பக்கம் நடந்தோம். வாவியோரம், மரநிழல், பிள்ளைகள் ஓடி விளையாட இடம். பழைய மட்டக்களப்பு வாசல் இங்குதான். 1814 இல் இங்கு வந்து பாடசாலை தொடங்கிய மெதடிஸ்த பாதிரியார் வில்லியம் ஓல்ட்டின் சிலையும் இங்கு நிற்கிறது. உயிர்த்த ஞாயிறு நினைவுத்தூபி ஒன்றும் இருக்கிறது. நகரில் உள்ள சீயோன் தேவாலயத்தில் அன்று முப்பது உயிர்கள் வரை போயின. அவர்களில் பத்துக்கும் அதிகமானோர் ஞாயிறு வகுப்புக்கு வந்த பிள்ளைகள். தங்கச்சி தன் இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக் கொண்டு அந்தத் தூபியின் முன் சிறிது நேரம் நின்றாள். நாங்கள் யாரும் பேசவில்லை.

பிறகு சந்தைக்குப் போனோம். பனையோலைப் பெட்டி, சுளகு, மூடுபெட்டி என்று பரப்பி வைத்துக் கொண்டு ஒரு தமிழ் மூதாட்டி இருந்தார். தங்கச்சிக்கு ஒரு மூடுபெட்டியில் ஆசை. ஆனால் கிட்டப் போகத் தயங்கினாள். மூதாட்டியே கூப்பிட்டார்.

"வாங்க புள்ள. எங்க இருந்து வாறீங்க?"

"நான் அக்குறணை. நானா ஏறாவூர்."

"ஏறாவூரா?" மூதாட்டி என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு நெஞ்சு ஒரு கணம் நின்றது. "ஏறாவூர்ல இருந்து ஒரு பொம்பள எங்கட வீட்டுக்கு பன்பாய் கொண்டு வருவா. தொண்ணூறுக்கு முதல். பாயைத் தந்துட்டு நெல்லு வாங்கிட்டுப் போவா. மத்தியானம் எங்கட வீட்டுத் திண்ணையிலதான் தொழுவா. பேர் மறந்து போச்சு தம்பி. பிறகு அவ வரவே இல்ல. இருக்காவோ இல்லையோ. விசாரிச்சுச் சொல்லுவீங்களா?"

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னும் ஒரு தமிழ்ப் பெண், தன் திண்ணையில் தொழுத ஒரு முஸ்லிம் பெண்ணைத் தேடிக் கொண்டிருக்கிறார்! விசாரிப்பதாகச் சொன்னேன். தங்கச்சி ஒன்று வாங்க வந்தவள் மூன்று பெட்டி வாங்கினாள். பேரம் பேசவில்லை.

காத்தான்குடியில் பகல்

நகரில் இருந்து தெற்கே ஐந்து கிலோமீற்றர் அளவில் காத்தான்குடி. கல்லடி, நாவற்குடா தாண்டியதும் வீதியின் நடுவே பேரீச்ச மரங்கள் வரிசையாகத் தெரியத் தொடங்கும். அரபு நாட்டு மரம் இந்தக் கரையோர மணலில் குலை தள்ளுகிறது. சிறுவர்கள் வேனை நிறுத்தச் சொல்லிப் பார்த்தார்கள். முன்பு தெருக்களில் இருந்த அரபுப் பெயர்ப்பலகைகள் 2019 க்குப் பின் அகற்றப்பட்டன. தமிழில், சிங்களத்தில், ஆங்கிலத்தில் ஊர் தன் பெயரைச் சொல்லிக் கொண்டுதான் இருக்கிறது. காத்தான் என்ற வேடர் தலைவன் குடியிருந்த இடம் என்பது அந்தப் பெயருக்கு வழங்கும் கதை.

லுஹர் நேரம். இங்கே ஒரு மஸ்அலா. அக்குறணையில் இருந்து வந்தவர்கள் மூன்று நாள் மட்டுமே தங்கும் எண்ணத்தில் வந்த பிரயாணிகள். ஷாபிஈ மத்ஹபின்படி, வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்கும் நிய்யத் இல்லாதவரை அவர்கள் கஸ்ராகவும் ஜம்உ ஆகவும் தொழலாம். ஏறாவூரில் இருந்து போன எங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. நாங்கள் நான்கு ரக்அத் தொழுதோம். பயணத்தில் தொழுகையைக் கழா ஆக்கிவிட்டு இரவில் மொத்தமாகத் தொழுகிற பழக்கம் நம் பெண்கள் சிலரிடம் இருக்கிறது. அது வேண்டாம் சகோதரிகளே. பெண்களுக்குத் தொழ வசதி உள்ள இடத்தை முன்கூட்டியே விசாரித்து வைத்துக் கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று சஹன் வைத்திருந்தது. பெரிய தட்டில் நெய்ச்சோறு, சுற்றிலும் இறைச்சி, கோழி, கத்தரிக்காய்ப் பஹி, மாங்காய்ச் சம்பல். ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர். பெண்களுக்கு உள்ளே தனிச் சஹன். ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடும்போது யார் பணக்காரர், யார் ஏழை என்பது தெரியாது. முடிவில் வட்டிலப்பம். சாப்பாட்டுக் கடைகளிலும் புரியாணி, கொத்து எல்லாம் கிடைக்கும். ஆனால் வீட்டு நெய்ச்சோற்றின் வாசனை வேறு.

சாப்பிட்ட பின், 2015 இல் திறக்கப்பட்ட பூர்வீக நூதனசாலையைப் பற்றிப் பேச்சு வந்தது. நம் முன்னோர் புழங்கிய சாமான்களையும் வாழ்ந்த முறையையும் பிள்ளைகளுக்குக் காட்ட எடுத்த முயற்சி அது. நீங்கள் வந்தால், திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டுக் கொண்டு போங்கள்.

கடைத்தெருவும் கலியாண வீடும்

பெண்கள் காத்திருந்த நேரம் இதுதான்! காத்தான்குடி வியாபாரிகளின் ஊர். ஒரு காலத்தில் தறிச் சத்தம் கேட்ட ஊரும் கூட. பிரதான வீதியின் இரு பக்கமும் புடவைக் கடைகள், ஹபாயாக் கடைகள், பாத்திரக் கடைகள். சாரன், படுக்கை விரிப்பு, பிள்ளைகளின் உடுப்பு எல்லாம் நல்ல விலைக்குக் கிடைக்கின்றன. முன்பு மட்டக்களப்பின் தமிழ்க் கிராமங்களில் இருந்தும் பெருநாள், தீபாவளி, கலியாணம் என்று இங்கேதான் வருவார்கள். 2019 இல் அந்த வரத்து நின்று போனது. இப்போது மறுபடியும் பொட்டு வைத்த பெண்கள் கடைகளில் நின்று துணி விரித்துப் பார்ப்பதைக் கண்டோம். "அல்ஹம்துலில்லாஹ், இப்ப வாறாங்க" என்றார் ஒரு கடைக்காரர். வியாபாரம் திரும்பிய சந்தோஷத்தை விட, மனிதர்கள் திரும்பிய சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

தங்கச்சி இன்னொன்றைக் கவனித்தாள். "வீட்டோட வீடு ஒட்டிக்கிட்டு இருக்கே. காத்து வர இடமில்லையே!" உண்மை. இந்தச் சிறு நிலத்துண்டில் 2012 கணக்கெடுப்பின்படியே நாற்பதாயிரம் பேர் அளவில் இருந்தார்கள். கிழக்கில் குடி வழி தாய்வழி. தாயின் குடிதான் பிள்ளையின் குடி. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண்ணுக்கு வீடு சொந்தமாக இருப்பது ஒரு பாதுகாப்பு. கணவன் கோபித்தால் அவளைத் தெருவில் விட முடியாது. இதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீடில்லாத பெண்ணுக்குக் கலியாணம் இல்லை என்ற நிலை வந்தபோது, அந்தப் பாதுகாப்பே பாரமாகி விட்டது. ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு கட்டவே தகப்பன்மார் பாலைவனத்தில் முதுமை அடைகிறார்கள். இருந்த வளவைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கட்டிக் கட்டித்தான் காற்று வர இடமில்லாமல் போனது. மார்க்கம் மஹரைக் கொடுக்கச் சொன்னது ஆணிடம். நாம் வீட்டைக் கேட்பதோ பெண்ணிடம். மாப்பிள்ளைக்கு உம்மாவாக இருக்கிற சகோதரிகளே, இதை மாற்றும் திறவுகோல் மௌலவிமாரின் கையில் இருப்பதை விட உங்கள் கையில் அதிகம் இருக்கிறது.

பள்ளிச் சுவரில்

அஸருக்குப் பின் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலுக்குப் போனோம். 1990 ஆகஸ்ட் 3 ஆம் திகதி இஷாத் தொழுகையில் நின்றவர்களை இங்கும் ஹுசைனிய்யாப் பள்ளியிலும் விடுதலைப் புலிகள் சுட்டார்கள். சிறுவர்கள் உட்பட நூற்றுக்கும் அதிகமானோர் ஷஹீதானார்கள். சன்னங்கள் துளைத்த அடையாளங்களை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அனுமதி கேட்டுப் பெண்களும் பிள்ளைகளும் வந்து பார்த்தார்கள். என் மகள் ஒரு துளையில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"வாப்பா, இங்க தொழுதவங்களச் சுட்டவங்க வேற ஆக்கள். சேர்ச்சில குண்டு வெடிக்க வச்சவங்க தொழுறவங்கதானே? தொழுறவங்க எப்படி அப்படிச் செய்வாங்க?"

இருபது வருடமாகப் பாடம் சொல்லிக் கொடுப்பவன் நான். அந்தக் கேள்விக்கு முன் நான் மாணவன் ஆனேன். அவளுக்கு அலீ (ரழி) அவர்களின் வரலாற்றைச் சொன்னேன். ஹிஜ்ரி 40 இல் கூபா நகரில், ஸுப்ஹு நேரத்தில், பள்ளிவாசலில் அவர்களை வெட்டியவன் காபிர் அல்ல. தொழுகிறவன், ஓதுகிறவன், தான் மட்டுமே சரியான முஸ்லிம் என்று நம்பியவன். கவாரிஜ்கள் என்று வரலாறு அவர்களை அழைக்கிறது. பிறரையெல்லாம் வழிகேடர் என்று ஒதுக்கத் தொடங்கிய நாக்கு, கடைசியில் அவர்களின் இரத்தமும் ஹலால் என்று சொல்லித்தான் நிற்கும்.

தங்கச்சி அறியாத ஒன்றையும் சொன்னேன். இந்த ஊர் மக்கள் சும்மா இருக்கவில்லை. அவனுடைய ஆட்கள் 2017 மார்ச்சில் அலியார் சந்தியில் சக முஸ்லிம்களையே வாளோடு தாக்கியபோது ஊரார் முறையிட்டார்கள், ஆர்ப்பாட்டம் செய்தார்கள். அவன் ஊரை விட்டு ஓடி ஒளிந்தான். கேட்க வேண்டியவர்கள் காதுகொடுத்துக் கேட்டிருந்தால் எத்தனையோ உயிர்கள் மிஞ்சியிருக்கும்.

ஆனால் சகோதரிகளே, என் பங்கையும் நான் மறைக்கக் கூடாது. அந்த ஆண்டுகளில் என் மாணவன் ஒருவன், அயல் வீட்டுத் தமிழர் தந்த பொங்கலை வாங்கிய தன் உம்மாவை 'நரகவாதி' என்று ஏசினானாம். அந்தத் தாய் அழுதுகொண்டு என்னிடம் வந்து சொன்னார். "வயசுக் கோளாறு, போகப் போகச் சரியாகும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவனைக் கூப்பிட்டுப் பேசவில்லை. யாரிடம் இதைக் கேட்டாய், எங்கே படித்தாய் என்று விசாரிக்கவில்லை. அல்லாஹ்வின் அருளால் அவன் எந்தத் தவறிலும் சேரவில்லை. ஆனால் அது என் முயற்சியால் அல்ல. அந்தத் தாய் என்னை நம்பி வந்தார். நான் வாசல் வரை வந்த பொறுப்பைத் திருப்பி அனுப்பினேன். மகளிடம் இதையும் சொன்னேன். சொல்லாமல் அலீ (ரழி) அவர்களின் வரலாற்றை மட்டும் சொல்வது நேர்மையாகப் படவில்லை.

கடற்கரையில்

மாலையில் கடற்கரைக்குப் போனோம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி இந்தக் கரை முழுவதும் சுனாமி ஏறி வந்தது. கல்லடியும் நாவலடியும் காத்தான்குடியும் ஒரே அலையில் அழிந்தன. கடல் யாரிடமும் இனம் கேட்கவில்லை. அன்று சோறு கொடுத்தவர்களும் கேட்கவில்லை.

பிள்ளைகள் மணலில் ஓடினார்கள். பெண்கள் பிளேன்டீயும் பணியாரமும் எடுத்து வைத்தார்கள். தங்கச்சி கடலைப் பார்த்துக் கொண்டு, "நானா, பயம் முழுசாப் போகல்ல. ஆனா இனி யாராவது காத்தான்குடியப் பத்திக் கேட்டா, நான் போய்ப் பார்த்திருக்கேன்னு சொல்லலாம்" என்றாள். மஃரிப் தொழுதுவிட்டு, வழியில் எருமைத் தயிர்ச் சட்டிகள் நான்கு வாங்கிக் கொண்டு வீடு திரும்பினோம்.

பிறகு நடந்தது

மூதாட்டி கேட்டதை மறக்கவில்லை. ஊரில் வயதான பெண்களிடம் விசாரித்தேன். பாய் பின்னி விற்றவர்கள் அந்தக் காலத்தில் பலர். பெயர் இல்லாமல் யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. என் மனைவி சும்மா இருக்கவில்லை. ஒரு மூத்தும்மாவிடம் சொல்லிப் பன்பாய் ஒன்று பின்ன வைத்தாள். இரண்டு வாரம் கழித்து அதைச் சுருட்டி எடுத்துக் கொண்டு சந்தைக்குப் போனோம். விஷயத்தைச் சொன்னதும் மூதாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பாயை விரித்தார், ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "இதே பின்னல்தான்" என்றார். காசு கொடுக்க வந்தார், மனைவி வாங்கவில்லை. விடமாட்டேன் என்று இரண்டு கொத்துப்பெட்டிகளைக் கையில் திணித்தார். "நெல்லுக்குப் பதிலா" என்றார்.

எங்கள் வீட்டில் அரிசி அளப்பது இப்போது அந்தப் பெட்டியால்தான்.

சகோதரிகளே, மனிதரைக் கோத்திரங்களாகவும் கூட்டங்களாகவும் அல்லாஹ் ஆக்கியது ஒருவரை ஒருவர் அறிந்து கொள்வதற்காக. வீட்டுக்குள் இருந்துகொண்டு அறிய முடியாது. அடுத்த விடுமுறையில் உங்கள் பக்கத்து ஊருக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள். எங்கள் பக்கம் வந்தால் காலையில் கல்லடிப் பாலம், பகலில் சஹன், மாலையில் கடற்கரை. சந்தையில் ஓலைப்பெட்டி வாங்க மறக்க வேண்டாம்.

யா அல்லாஹ்! இந்த வாவியின் இரு கரையிலும் வாழும் எங்கள் பிள்ளைகளை, எங்கள் அயலவரின் பிள்ளைகளை, நாங்கள் கண்ட நாட்களைக் காணாமல் காப்பாற்றுவாயாக. ஆமீன்.